சர்ப்பகந்தி - ஒரு மூலிகையின் வரலாறு

முன்னுரை

மருந்து என ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் காண்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என்பன அவை. மருந்து அந்நான்கனுள் ஒன்றே. அதனை அறிந்து கொடுப்பாரும் அளவறிந்து உண்பாரும் இல்லாவிடத்து, எத்துணைச் சிறந்த மூலிகையும் வெறும் வேராகவும் தழையாகவுமே நின்றுவிடும்.

மூலிகைகள் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சுகள் வழங்குகின்றன. முன்னோர் உரைத்தவை யாவும் மாறா உண்மைகள் என்பார் ஒரு சாரார். அவையெல்லாம் பாட்டி வைத்தியம், படித்தவர்க்கு ஏலாது என்பார் மற்றொரு சாரார். ஆராய்ந்து பாராமல் கூறப்படுவதால் இரண்டு பேச்சும் ஒரே தன்மையனவே. இவ்விரு சாரார்க்கும் ஒருங்கே விடை கூறும் செடி ஒன்று உண்டு. அதுவே சர்ப்பகந்தி. பாமரர் வாய்மொழியில் தொடங்கி உலகப் புகழ்பெற்ற ஆய்வுக்கூடங்கள் வரை அது கடந்து வந்த பாதையை இக்கட்டுரையில் காண்போம்.

செடியும் அதன் பெயர்களும்

அரளியும் நித்தியகல்யாணியும் சார்ந்த தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி சர்ப்பகந்தி. முழங்கால் உயரத்திற்குச் சற்று ஏறக்குறைய வளர்வது. கணுவொன்றுக்கு மூன்று இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். வெண்ணிறப் பூக்கள் செந்நிறக் காம்புகளில் கொத்தாகப் பூக்கும். பழம் முதிர்ந்தால் கருநீல நிறம் பெறும். இமயமலையின் அடிவாரக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சரிவுகளிலும் இலங்கையிலும் மியான்மரிலும் இயற்கையாக வளர்கிறது. மருந்தாகப் பயன்படுவது இதன் வேர். மிகக் கசப்பான இவ்வேரின் ஆற்றலிற் பெரும்பகுதி அதன் பட்டையிலேயே தங்கியுள்ளது.

ஒரு செடிக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால், அதனை மக்கள் எவ்வாறு அறிந்திருந்தனர் என்பது புலனாகும். சர்ப்பம், கந்தம் என்னும் இரு சொற்களின் சேர்க்கையாகிய சர்ப்பகந்தா என்பது வடமொழிப் பெயர். பாம்போடு இச்செடிக்குள்ள தொடர்பை அது சுட்டுகிறது. பாம்புபோல் வளைந்து நெளிந்து மண்ணுள் இறங்கும் வேரின் தோற்றமும் இத்தொடர்பை வலுப்படுத்தியிருக்கலாம். பண்டை வடமொழி மருத்துவ நூல்களில் நஞ்சு முறிக்கும் மூலிகைகளுள் இப்பெயர் இடம்பெறுகிறது. ஆயின் அப்பழம்பெயர் குறித்ததும் இன்றைய செடியும் ஒன்றே என்பதை அறிஞர் அனைவரும் ஒப்புவதில்லை.

பீகார்ப் பகுதியில் இதற்கு வழங்கும் பெயர் 'பாகல் கீ தவா' என்பது. 'பித்தருக்கான மருந்து' என்பது அதன் பொருள். யூனானி மருத்துவர்கள் இதனை 'அஸ்ரோல்' என்பர். தமிழ் மருத்துவ அகராதிகளில் 'சிவன் அமல்பொடி' என்னும் பெயரும் காணப்படுகிறது. மலையாளத்தில் இதே செடி 'சுவன்ன அமல்பொரி' எனப்படுகிறது. 'சுவன்ன' என்பது சிவந்த என்னும் பொருளுடையது. பூக்காம்பின் செந்நிறத்தைச் சுட்டிய அந்த அடைமொழியே தமிழகம் வந்தவிடத்துச் 'சிவன்' எனத் திரிந்திருத்தல் கூடும் என்பது நம் கருத்து. பொருள் மறைந்த சொல்லுக்கு மக்கள் தாம் அறிந்த வேறொரு பொருளை ஏற்றிக்கொள்வது மொழியியலார் நன்கு அறிந்த நிகழ்வே.

இனி, அறிவியற் பெயரை நோக்குவோம். இச்செடியின் பேரினப் பெயர் 'ரவுவோல்ஃபியா' என்பது. 16ஆம் நூற்றாண்டில் செர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த லியோனார்ட் ரவுவோல்ஃப் என்னும் மருத்துவரின் நினைவாக அது சூட்டப்பட்டது. அவர் 1573இல் புறப்பட்டு அலெப்போ, பாக்தாத் முதலிய நகரங்களுக்குச் சென்று, அங்கு மக்கள் பருகிய காப்பியைப் பற்றி 1582இல் வெளியான தம் பயண நூலில் எழுதியவர். இந்தியாவுக்கு வந்தவரல்லர். அமெரிக்கச் செடியொன்றுக்கு 1703இல் பிளூமியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயர், பின்னர் நம் நாட்டுச் செடிக்கும் உரியதாயிற்று. இச்செடியைக் காணாதவரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக இதனைத் தோண்டியெடுத்து, காயவைத்து, இடித்து, நோயாளிக்குக் கொடுத்த மருத்துவர்களின் பெயர்களோ எங்கும் எழுதப்படவில்லை.

எழுத்தில் பதிந்த அறிவு

இதற்கு விலக்காக அமைந்த நூல் ஒன்று உண்டு. கொச்சியில் டச்சு ஆளுநராக விளங்கிய வான் ரீட் என்பவர், மலையாளக் கரையின் செடிகொடிகளைத் தொகுத்து 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக அது அச்சாயிற்று. நம் செடியும் அதன் மலையாளப் பெயராலேயே அந்நூலில் இடம்பெற்றுள்ளது.

அந்நூலின் சிறப்பு அதன் படங்களில் மட்டும் இல்லை. செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்த மருத்துவர்கள் யாவர் என்பதை அது மறைக்கவில்லை. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர் தம் குடும்பத்து ஏடுகளிலிருந்து செய்திகளை எடுத்துரைத்தார். 1675இல் அவர் அளித்த சான்றுரை, வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்தில் முதல் தொகுதியில் அச்சிடப்பட்டிருக்கிறது. ரங்கபட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரின் சான்றுரையும் உண்டு. தம் அறிவு எழுத்தில் ஏறியமையால் அவர்தம் பெயர்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றன.

ஹகீம் அஜ்மல் கானும் அவர் கண்டெடுத்த அறிஞரும்

கிரேக்க மருத்துவத்தை அரபு அறிஞர்கள் பெயர்த்தும் திருத்தியும் வளர்த்த மருத்துவமே யூனானி. 'யூனான்' என்னும் அரபுச் சொல்லும் சங்க நூல்களில் பயிலும் 'யவனர்' என்னும் சொல்லும் 'அயோனியா' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பாரத மண்ணில் கால்கொண்ட யூனானி, இம்மண்ணின் மூலிகைகளைத் தயக்கமின்றித் தனதாக்கிக் கொண்டது. அஸ்ரோல் அதற்கு ஒரு சான்று. கொடுத்தலும் கொள்ளலும் மருத்துவத்தில் இயல்பே. சித்தர் மரபிலும் இராமதேவர் மக்கம் சென்று யாக்கோபு எனப் பெயர் பெற்றார் என்னும் செய்தி வழங்குவதை இங்கு நினைவுகூரலாம்.

தில்லியில் 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் பிறந்த ஹகீம் அஜ்மல் கான், பரம்பரை மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1921இல் அகமதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவராகவும், ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தராகவும் விளங்கியவர். ஆயுர்வேதத்தையும் யூனானியையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கும் திப்பியாக் கல்லூரியைத் தில்லியில் நிறுவினார். 1921ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அக்கல்லூரியைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். அஜ்மல் கான் பிறந்த நாள் இன்று யூனானி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மரபு மருத்துவத்தைப் பழித்தோர் மிகுந்திருந்த காலம் அது. அஜ்மல் கான் அவர்களோடு வாதிடுவதோடு நின்றுவிடவில்லை. மரபு மருந்துகளை நவீன வேதியியல் முறையில் ஆராய வேண்டும் எனக் கருதினார். அப்பணிக்கு அவர் தேர்ந்தவர் சலீமுஸ்ஸமான் சித்தீகி. 1897இல் இலக்னோவுக்கு அண்மையில் பிறந்து, அலிகாரில் தத்துவம் பயின்று, செர்மனியின் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் 1927இல் வேதியியல் முனைவர் பட்டம் பெற்றவர். ஓவியக் கலையிலும் வல்லவர். தாயகம் திரும்பிய அவர் திப்பியாக் கல்லூரியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆனால், அதே 1927ஆம் ஆண்டின் இறுதியில் அஜ்மல் கான் மறைந்தார். தாம் விதைத்ததன் விளைவைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

சித்தீகி பணியைக் கைவிடவில்லை. 1931இல் அவரும் ரஃபத் ஹுசைன் சித்தீகியும் சர்ப்பகந்தி வேரிலிருந்து பல காரப்பொருள்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் 'அஜ்மலின்'. தம்மை ஆதரித்த ஹகீமின் பெயரை ஒரு வேதிப்பொருளில் எழுதி வைத்தார் அம்மாணவர். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீர்செய்ய அஜ்மலின் பின்னாளில் பயன்பட்டது. 1992இல் விவரிக்கப்பட்ட புருகாடா எனும் இதயக் கோளாற்றைக் கண்டறிய, ஐரோப்பிய மருத்துவமனைகளில் செய்யப்படும் சோதனைக்கு இன்றும் அஜ்மலின் சோதனை என்றே பெயர்.

மூன்று கூற்றுகளும் சோதனையும்

அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு மருத்துவர்கள், பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் இவ்வேர் பயன்படுவதை மருத்துவ இதழில் எழுதினர். இங்கு ஒரு நுட்பத்தைக் கருதவேண்டும். பித்து தணியும், உறக்கம் வரும் என்பது மக்கள் கண்ணாற் கண்டறிந்தது. இரத்த அழுத்தமோ அளவிட்டுப் பார்த்தாலன்றி அறிய இயலாதது. கையில் பட்டை கட்டி அதனை அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா ரோச்சி 1896இல்தான் உருவாக்கினார். ஆகவே, மரபு அறியாத பயனொன்றை மரபு மருந்திலேயே நவீன அளவீடு கண்டுபிடித்தது எனலாம்.

பம்பாய் இதயநோய் வல்லுநர் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் இரத்த அழுத்த நோயாளர் 50 பேருக்கு இவ்வேரைக் கொடுத்து ஆராய்ந்த முடிவுகளை 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டார். அக்கட்டுரையே மேலை நாட்டாரின் கவனத்தை இவ்வேரின்பால் திருப்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சிபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர், வேரின் பிசின் போன்ற பகுதியிலிருந்து 'ரெசர்பின்' என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். வேரின் அமைதியூட்டும் ஆற்றலுக்கு முதன்மையான காரணம் அதுவே.

1954இல் நியூயார்க் மாநில மனநல மருத்துவமனை ஒன்றில் நேதன் கிளைன் இம்மருந்தின் பயனை விளக்கி எழுதினார். அறையில் அடைத்துவைப்பதையே பெரிதும் சார்ந்திருந்த மனநோய் மருத்துவத்தில், மருந்தால் அமைதி பெறலாம் என்ற நிலை தோன்றியது. அக்காலத்தில் வந்த குளோர்ப்ரோமசினும் ரெசர்பினும் அந்த மாற்றத்தின் இரு தூண்கள். 1957இல் சுவீடனின் ஆர்வித் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுப் போன முயல்களுக்கு 'எல்-டோப்பா' என்னும் பொருளைச் செலுத்த, அவை மீண்டும் இயங்கக் கண்டார். நடுக்குவாதத்திற்கு இன்று வழங்கும் மருந்தின் தொடக்கம் அது. அவ்வாய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 'பித்தருக்கான மருந்து' என்று பீகார் மக்கள் இட்ட பெயர், மூளையின் செயல்முறையை அறியும் வாயிலைத் திறந்ததென்றால் அது மிகையாகாது.

ஆயின், இச்செடியின் பெயரிலேயே அமைந்த பாம்புக்கடிப் பயன் என்னவாயிற்று? அதுவும் மரபின் கூற்றே. ஆனால் சோதனையில் அது நிலைபெறவில்லை. கடித்த பாம்பின் நஞ்சை முறிக்கும் உறுதியான மருந்து, நச்சு முறி ஊசி ஒன்றே. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து அம்மருந்து செய்யப்படுகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் அது பொருந்தும்.

இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பெரிதும் வழங்குவோர் நம் தமிழ்நாட்டு இருளர் மக்களே. 1978இல் தொடங்கப்பெற்ற அவர்தம் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கி வருகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பாம்பைப் பற்றிய மரபறிவு இங்கு நவீன மருத்துவத்திற்குத் துணை நின்று உயிர் காக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். வேரைத் தேடிச் சென்ற பொழுதில் மருத்துவமனை அடைந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் அவர்களுள் பலர். மரபின்மேல் கொண்ட பற்று ஓர் உயிருக்கு விலையாகுமாயின், அப்பற்றை முன்னோரும் விரும்பார்.

அளவும் அழிவும்

ரெசர்பின் மருந்தாக வழங்கப்பட்ட அளவு மிகச் சிறியதே. அவ்வளவில் கொடுத்தும் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு உண்டாயிற்று. மூக்கடைப்பு, வயிற்றுப்புண் போன்ற கோளாறுகளும் தோன்றின. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களின் சேமிப்பை அது குறைத்துவிடுவதே இதற்குக் காரணம். பித்தைத் தணித்த அதே ஆற்றல், அளவு தவறினால் உள்ளத்தைச் சோரவைக்கிறது. பாதுகாப்பான மருந்துகள் பல பின்னர் வந்தமையால், இன்று ரெசர்பினின் பயன்பாடு அருகிவிட்டது. ஆகவே நாட்டுமருந்துக் கடையில் இவ்வேரை வாங்கித் தாமே இடித்து உண்பது பெருந்தீங்கு. தகுதிபெற்ற மருத்துவரின் கையிலன்றி இது மருந்தாகாது. மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் வகுத்ததன் அருமை இங்கு விளங்கும்.

மற்றோர் அழிவும் நேர்ந்தது. இலையோ பூவோ மருந்தாயின் பறித்தபின் செடி மீண்டும் தழைக்கும். வேரே மருந்தாயின் செடியைக் கொன்றுதான் எடுக்கவேண்டும். உலகெங்கும் வேர் தேவைப்பட்டபோது காடுகளில் இச்செடி பெருமளவில் தோண்டப்பட்டது. வேர் மருந்துக்கு உரிய பருவம் அடைய ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆயினும் முதிராத செடிகளும் தப்பவில்லை. வேரின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 1990 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இச்செடி இடம்பெற்றுள்ளது. மருந்தின் புகழே மூலிகைக்குப் பகையானது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? மரபு மூன்று கூற்றுகளைச் சொன்னது. பித்தைத் தணிக்கும் என்பது மெய்யாயிற்று. உறக்கம் தரும் என்பதும் மெய்யாயிற்று. பாம்பின் நஞ்சை முறிக்கும் என்பது பொய்த்தது. சோதித்துப் பார்த்ததனால் மரபுக்கு இழுக்கு நேரவில்லை. அதன் பெருமையே உலகறிய விளங்கிற்று. அஜ்மல் கான் தம் மரபை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப அஞ்சாதவர். அதனாலேயே அவர் மரபு பிழைத்தது.

சோதிப்பதற்கு முதலில் செய்தி எழுத்தில் இருத்தல் வேண்டும். இங்குதான் தமிழ் பயிலும் மாணவர்க்குக் கடமை உண்டு. நம் ஊர்களின் பழைய வீடுகளில் ஓலைச்சுவடிகள் உள்ளன. அரபுத் தமிழில் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பேடுகளும் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைப் படிக்க வல்ல பெரியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே மாணவர்கள் அருகமர்ந்து படித்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பெரியோரும் ஏடுகளைக் கறையானுக்கு விடாது மாணவர் கையில் கொடுத்துதவ வேண்டும்.

எழுதும்போது மூலிகையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அவ்வூரில் வழங்கும் பெயர், பயன்படும் உறுப்பு, எடுக்கும் பருவம், பக்குவம், அளவு, யாருக்குக் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை ஆகிய ஆறனையும் எழுதவேண்டும். சொன்னவரின் பெயரையும் அவர் இசைவோடு பதிதல் நன்று. செடியின் கிளை ஒன்றைப் பூவுடன் காயவைத்துத் தாவரவியல் துறையினரிடம் காட்டி, இன்ன செடியே என உறுதி செய்துகொள்ளல் வேண்டும். ஒரு பெயரில் பல செடிகளும் ஒரு செடிக்குப் பல பெயர்களும் வழங்குவதால் இது மிக இன்றியமையாதது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரக் காப்பகம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய பணிக்கு வழிகாட்டியாக உள்ளன.

முடிவுரை

இட்டி அச்சுதனின் பெயர் ஒரு நூலிலும், அஜ்மல் கானின் பெயர் ஒரு மருந்திலும் வாழ்கின்றன. முன்னவர் தாம் அறிந்ததை மறைக்காமல் சொன்னார். பின்னவர் தாம் நம்பியதை ஆராயத் துணிந்தார். மறைக்காமையும் ஆராயத் துணிதலும் சேர்ந்தவிடத்தே மருத்துவ அறிவு வளர்ந்தது. நம் இல்லங்களிலும் ஊர்களிலும் இன்னும் எழுதப்படாத பெயர்கள் பலவுண்டு. அவற்றுள் எது அடுத்த சர்ப்பகந்தி என்பதை எழுதிவைத்தாலன்றி அறிய இயலாது. இவ்விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் ஒரு மூலிகையைப் பற்றியேனும் கேட்டு எழுதி வருவாராக.